பதினாறும் பெற்ற ஆயில்

மாப்பிள்ளைக்கு,

உன் புதுக் கம்பெனியின் திறப்பு விழா அழைப்பிதழ் கிடைத்தது. வழவழத் தாள், தங்க எழுத்து. இன்ஜின் ஆயிலோடு கலந்து ஊற்ற வேண்டிய உன் சரக்கின் படமும், கோட்டு சூட்டில் உன் படமும் ஒரே உயரத்தில். கீழே கொட்டை எழுத்தில் 'தேய்மானச் சோதனையில் 98 மதிப்பெண்'. எத்தனைக்கு 98 என்று போடவில்லை. போடாததுதான் சாமர்த்தியம். நூற்றுக்கு என்று படிக்கிறவனே நினைத்துக்கொள்வான். பொய் சொன்ன பாவம் உனக்கு வராது.

தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். என்னிடம் இருப்பது பென்ஷனும், ஆயில் லேபில் தழும்புகளை அளந்து அளந்து கெட்டுப்போன கண்ணும்தான். அதனால் சீருக்குப் பதிலாகச் சில யோசனைகள். வைத்துப் பிழைத்துக்கொள்.

முதலில் ஒற்றைக் கை மெஷின் ஒன்று வாங்கு. ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் சுழலும் எஃகு வளையம், வளையத்தின் மேல் அமுங்கும் பேரிங் உருளை, உருளையை அமுக்க ஒரு நீளக் கை. கையின் நுனியில் எடைக்கல் தொங்கவிடலாம். டிம்கன் பேரிங் கம்பெனியின் பெயரால் வழங்கும் கியர் ஆயில் சோதனையின் தூரத்து உறவு இது. அசல் சோதனைக்கு வேகம், வெப்பம், நேரம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. உன்னுடையதற்கு ஒரு மேஜையும் ஒரு பிளக்கும் போதும்.

சங்ககிரியில் லாரிகள் நிற்கும் இடமாகப் பார்த்து மேஜையைப் போடு. கூட்டம் சேர்ந்ததும் சாதாரண இன்ஜின் ஆயிலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கையை அழுத்து. வளையம் கீச்சென்று கத்தும், மோட்டார் திணறி நிற்கும். உருளையை எடுத்துக் காட்டினால் விரல் நகம் அகலத்துக்குத் தழும்பு. கூட்டம் உச்சுக்கொட்டும். இப்போது உன் பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விட்டு, கல்லுக்கு மேல் கல்லாகத் தொங்கவிடு. சத்தமே வராது. தழும்பு கடுகளவு. அந்த நேரத்தில் நீ வாயைத் திறக்காதே, பாட்டிலை மட்டும் தூக்கிக் காட்டு.

ஒன்றை மட்டும் மறந்தும் செய்யாதே. கூட்டத்தில் ஒரு விஷமக்காரன் ஷாம்பு பாக்கெட்டை நீட்டி 'இதையும் ஊத்திப் பாருங்க' என்பான். ஊற்றிவிடாதே. ஷாம்பு ஜெயித்துவிடும். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம்கூட அந்த மெஷினில் விலை உயர்ந்த இன்ஜின் ஆயிலைத் தோற்கடிக்கும். வெளிநாடுகளில் இதைப் பலர் செய்தே காட்டிவிட்டார்கள். ஷாம்பு ஊற்றி லாரி ஓட்ட முடியாது என்பது கூட்டத்துக்குத் தெரியும். அப்படியானால் இந்த மெஷின் எதைத்தான் அளக்கிறது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதில்தான், மாப்பிள்ளை, உனக்கு லாபம்.

காரணத்தை உனக்கு மட்டும் சொல்கிறேன். வளையமும் உருளையும் தொடும் இடம் ஆரம்பத்தில் மிகச் சின்னது. அத்தனை எடையும் அந்தத் துளி இடத்தில் இறங்குவதால் அழுத்தம் எங்கேயோ போகும். 'சதுர அங்குலத்துக்கு லட்சம் பவுண்டு தாங்கியது' என்று சுவரொட்டி அடிக்கிறார்களே, அந்த லட்சம் இங்கேதான் பிறக்கிறது. இன்ஜினுக்குள் நடப்பது வேறு. கிராங்க் சுழலும்போது தானே ஆயிலை உள்ளே இழுத்து, அந்த ஆயிலின் மேல் தானே ஏறி மிதக்கும். ஓடுகிற வண்டியில் கிராங்கும் பேரிங்கும் தொட்டுக்கொள்வதே அபூர்வம். உரசும் இடங்களும் சில உண்டு: கேம், பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில் ரிங், ஸ்டார்ட் போட்ட முதல் சில நொடிகள். அவற்றுக்காகத்தான் துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு மருந்தை 1940-களிலிருந்து ஆயில் தயாரிப்பவர்களே கலந்து தருகிறார்கள். அது சூட்டிலும் உரசலிலும் மெதுவாகப் படலம் கட்டும் சரக்கு. உன் மேஜை மேல் அரை நிமிடத்தில் அது கண்ணே திறக்காது.

குளோரின் ஏற்றிய பாரஃபின் திறக்கும். எஃகு சுட்ட கணத்திலேயே அதோடு சேர்ந்து வழுக்கும் படலம் போட்டுவிடும். கைதட்டல். அதே குளோரின் இன்ஜினுக்குள் போய், டீசல் எரிந்து வரும் நீராவியோடும் சூட்டோடும் நாள்கணக்கில் கிடந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். அது பேரிங்கை அரித்து முடிக்க மாதங்கள் ஆகும். அதற்குள் நீ ஆத்தூரில் மேஜை போட்டிருப்பாய்.

மேஜை வித்தை டிரைவர்களுக்கு. பத்து வண்டி வைத்திருப்பவர் ரிப்போர்ட் கேட்பார். அவருக்கு நான்கு உருண்டைச் சோதனை. போர்லாகே என்பவர் 1933-ல் எழுதி அறிமுகப்படுத்திய கருவி. 12.7 மி.மீ. விட்டமுள்ள மூன்று எஃகு உருண்டைகளைக் கிண்ணத்தில் இறுக்கிப் பூட்டி ஆயிலை ஊற்றுவார்கள். நாலாவது உருண்டை அவற்றின் மேல் உட்கார்ந்து சுழலும். ஏஎஸ்டிஎம் டி 4172 என்ற முறைப்படி 75 டிகிரி சூடு, நிமிடத்துக்கு 1200 சுற்று, 40 கிலோ பாரம், ஒரு மணி நேரம். முடிந்ததும் கீழ் உருண்டைகள் மூன்றிலும் விழுந்த தழும்புகளை மைக்ராஸ்கோப்பில் அளந்து சராசரி போட்டால் மில்லிமீட்டரில் ஒரு எண் வரும்.

நேர்மையான கருவி. முறையை எழுதியவர்களும் நேர்மையானவர்கள். இந்த முடிவு நிஜ வண்டியில் நடப்பதோடு ஒத்துப்போகிறதா என்பதைப் பயன்படுத்துகிறவரே பார்த்துத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று அந்த முறையிலேயே சொல்லிவிட்டார்கள். உன் ரிப்போர்ட்டில் அந்த வாக்கியத்தை மட்டும் தவறவிட்டுவிட்டு மீதியை அச்சடி.

இப்போது கணக்கு. வெறும் ஆயிலுக்குத் தழும்பு 0.50 மி.மீ., உன் சரக்கு கலந்ததற்கு 0.40 என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள் ஒரே கருவியில் ஒரே ஆயிலை இரண்டு தடவை ஓட்டினாலே 0.12 வரை முன்பின் வரலாம் என்று அந்த முறை சொல்கிறது. இரண்டு லேப்களில் ஓட்டினால் 0.28 வரை. ஆகவே உன் 0.10 வித்தியாசம் என்பது வித்தியாசமே அல்ல. விஞ்ஞானி இங்கே கடையைச் சாத்திவிட்டுப் போவான். வியாபாரி இங்கேதான் ஷட்டரைத் தூக்குவான்.

விட்டத்தை அப்படியே சொன்னால் 'தேய்மானம் 20 சதவீதம் குறைவு'. மந்தம், எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் உருண்டையிலிருந்து போன உலோகத்தின் கன அளவு தழும்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். அந்தக் கணக்கில் அதே 0.10 மி.மீ. '59 சதவீதம் குறைவு' ஆகிவிடும். இதில் பொய் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு படி போகலாம். 40 கிலோ பாரத்தில் உருண்டைகள் சுழலாமல் சும்மா அமுங்கினாலே 0.30 மி.மீ. அகலத்துக்கு ஒன்றையொன்று தொடும். 'அது தேய்மானத்தில் சேராது' என்று இரண்டிலிருந்தும் கழி. 0.20-க்கு 0.10. இரண்டு மடங்கு! கழித்த கையோடு அதற்கும் நாலாம் அடுக்கை ஏற்று. 16 மடங்கு! இப்படிக் கழித்துவிட்டு அடுக்கு ஏற்றுவது கணிதப்படி அயோக்கியத்தனம். ஆனால் கணக்கு வாத்தியார்கள் லாரி வைத்திருப்பதில்லை. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டும் என்று உன் கல்யாணத்தில் நான்தான் முதலில் அட்சதை போட்டேன்; இப்படிப் பலிக்கும் என்று நினைக்கவில்லை.

பெரிய கம்பெனிகள் உருண்டையோடு நிற்பதில்லை, இன்ஜினையே ஓட்டுவார்கள். அந்தப் பக்கம் நீ போகமாட்டாய், செலவு தாங்காது. ஆனால் அவர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. சீக்வென்ஸ் 4ஏ என்று ஒரு சோதனை இருந்தது. நிசானின் 2.4 லிட்டர் இன்ஜினை 100 மணி நேரம் ஓட்டி, கேம் ஷாஃப்டின் 12 மேடுகளிலும் மேட்டுக்கு ஏழு இடம் வீதம் தேய்மானத்தை மைக்ரானில் அளந்தார்கள். சராசரி 90 மைக்ரானுக்குள் இருந்தால் பாஸ் என்பது ஜிஎஃப்-4, ஜிஎஃப்-5 தரங்களின் விதியாக இருந்தது. கசடு, படிவு எல்லாவற்றுக்கும் தனி இன்ஜின்கள். அவற்றின் பாகங்களைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து, பழகிய கண்ணுள்ளவர்கள் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். பத்து என்றால் சுத்தம். அந்த மதிப்பெண்காரர்களையே ஓரிடத்தில் கூட்டி, ஒரே பாகத்தைப் பலரிடம் கொடுத்து, யார் கண் எவ்வளவு விலகுகிறது என்று சரிபார்ப்பதும் உண்டு. முடிவு தெரிந்த ஆயிலை இடையிடையே ஓட்டி, சோதனை மேடையையே சோதிப்பார்கள். நான் பார்த்த வேலைகளிலேயே அடக்கமான வேலை அதுதான். 'இந்த எல்லைக்குள் இருக்கிறது' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது.

அந்த அடக்கத்தை வைத்துக்கொண்டு ஊதுகுழல் செய்தவர்களைப் பார். 2009 வாக்கில் அமெரிக்காவில் வால்வோலின் கம்பெனி தன் சின்பவர் ஆயில், மொபில் 1-ஐ விட 4 மடங்கு தேய்மானப் பாதுகாப்பு தரும் என்றது. காஸ்ட்ரால் தன் எட்ஜ் ஆயில், அதே மொபில் 1-ஐ விட 8 மடங்கு என்றது. இரண்டு பேருக்கும் ஆதாரம் அதே சீக்வென்ஸ் 4ஏ. பாஸா ஃபெயிலா என்று கேட்க உண்டாக்கிய சோதனை, மடங்குக் கணக்கில் ஏலம் போனது. ஒரு ஆயில் 80 மைக்ரான், இன்னொன்று 10 என்றால் எட்டு மடங்கு வந்துவிடுகிறது. உன் வண்டி எட்டு மடங்கு காலம் ஓடும் என்று வாங்குகிறவன் நினைத்தால் அது அவன் குற்றம். 4 போய் 8 வந்தது. அதற்கு மேல் யாரும் 16 கேட்கவில்லை, மாப்பிள்ளை. உனக்கென்று விட்டுவைத்த இடம்.

இன்னொரு சங்கதி. அமெரிக்க வேதியியல் கவுன்சிலின் நடைமுறை விதிகளின்படி, ஒரு ஆயிலை ஒரே இன்ஜின் சோதனையில் ஒரு தடவைக்கு மேலும் ஓட்டலாம். இரண்டு ஓட்டினால் சராசரி பாஸ் ஆக வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ ஓட்டினால் ஒன்றைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரி. இன்ஜின் சோதனை என்பது முன்பின் ஆடக்கூடியது, அதனால் இந்தச் சலுகை, ஒத்துக்கொள்கிறேன். அங்கேகூட ஓட்டும் முன்பே ஒவ்வொரு சோதனையையும் பதிவு செய்தாக வேண்டும், பிடிக்காததை இரகசியமாகப் புதைக்க முடியாது. உனக்குப் பதிவேடே கிடையாது. இருபது தடவை ஓட்டி ஒன்றைக் காட்டலாம். கேள்வித்தாளைத் தானே எழுதி, தானே திருத்தி, தன் மாணவனே மாநில முதல்வன் என்று பேனரும் கட்டும் டியூஷன் சென்டருக்கு இருக்கிற சுதந்திரம் உனக்கும் உண்டு.

மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாயா? முன்னோடிகளின் வரலாறு படி, தைரியம் வரும். ஸ்லிக் 50 என்ற சரக்கு, ஸ்டார்ட் போடும்போது இன்ஜினுக்குப் பாதுகாப்பே இல்லை என்று டிவியில் பயமுறுத்தி விற்றது. சாதாரண ஆயிலே பெரும்பாலான இன்ஜின்களை அந்த நேரத்தில் போதிய அளவு காக்கிறது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1996-ல் புகார் வைத்தது. அடுத்த வருஷம் சமரசம். டியூரா லூப் என்ற இன்னொன்று 2000-ல் 20 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சிமேக்ஸ். 1997-ல் வெளி லேப் ஒன்று அதை எல்-38 என்ற பேரிங் அரிப்புச் சோதனையில் ஓட்டியது. சிமேக்ஸ் கலந்த ஆயிலில், வெறும் ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் அரிப்பு. விற்றவர்கள் அந்த அரிப்பு எண்களையும் மற்றப் பாதகமான முடிவுகளையும் எடுத்துவிட்டு, இரண்டு சோதனைகளையும் சேர்த்து ஒரு பக்க ரிப்போர்ட் தயாரித்துக் காட்டினார்கள் என்பது ஆணையம் 2001-ல் கொடுத்த புகார். 2003-ல் 10 லட்சம் டாலரில் சமரசம். 2008-ல் வட கரோலினாவில் திறந்த கார்ப் பந்தயத் தளத்துக்கு என்ன பெயர் தெரியுமா? சிமேக்ஸ். சரக்கு இன்னும் விற்பனையில் இருக்கிறது. நம் ஊரில் உன் பாட்டிலைப் பார்த்துக் கேள்வி கேட்க எந்த ஆணையத்துக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்பதை உன் ஜாதகத்தில்தான் பார்க்க வேண்டும்.

சோதனையே வேண்டாம், பழைய எழுத்து போதும் என்றாலும் வழி உண்டு. ஆயில் டப்பாவில் ஏபிஐ என்று போட்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். பெரும்பாலானவை ஒரு காலத்து இன்ஜின் சோதனைகளைத் தாண்டியதற்கான அடையாளம். எஸ்ஏ என்றால் 1930-க்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு ஆகாது. எஸ்எஃப் என்றால் 1988-க்குப் பின் வந்தவற்றுக்கு ஆகாது. அமெரிக்காவில் டாலர் ஜெனரல் என்ற கடைச் சங்கிலி இவற்றைப் புது ஆயில்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கி விற்றது. பின்பக்கப் பொடி எழுத்தில் எச்சரிக்கை. வழக்குகள் குவிந்து 2021-ல்தான் சமரசம் ஆனது. சிஎஃப்-4 என்ற டீசல் ஆயில் தரம் 1990-ல் வந்தது, காலாவதியாகி எத்தனையோ காலம். நம் பக்கத்துக் கடைகளில் அது இன்னும் மாலை போட்ட மாப்பிள்ளையாக முன் வரிசையில் நிற்கிறது. உன்னைச் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிள்காரர்களிடம் விற்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். 'உராய்வு பாதியாகக் குறையும்' என்று உன் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிறது. நம் ஊர் பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் தட்டுகளுக்கு உராய்வுதான் சோறு. கார் ஆயில்களில் வழுக்கும் மருந்து கூடக்கூட பைக் கிளட்ச்கள் நழுவ ஆரம்பித்ததால்தான், ஜப்பானியர்கள் 1990-களின் கடைசியில் ஜாஸோ எம்ஏ என்று தனித் தரம் வைத்து, உராய்வு இதற்குக் கீழே போகக்கூடாது என்றார்கள். உன் சரக்கு நிஜமாகவே விளம்பரத்தில் சொன்னபடி வேலை செய்தால், பையன் ஆக்ஸிலேட்டரை முறுக்குவான், இன்ஜின் அலறும், வண்டி நகராது. நல்லவேளை, நீ சொன்னபடி எதுவும் வேலை செய்யாது என்பதால் பல பைக்குகள் தப்பும்.

கடைசியில் பட்டறைக்காரரின் மதிப்பெண் இருக்கிறது. உலகத்து லேப்கள் சேர்ந்தாலும் அதற்கு ஈடில்லை. டப்பாவுக்குள் மெக்கானிக்குக் கூப்பன் வைப்பது இந்தத் தொழிலில் ஊரறிந்த வழக்கம். எந்த டப்பாவில் கூப்பன் பெரிதோ அந்த ஆயிலில் 'இன்ஜின் சத்தம் குறையுதுங்க'. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் முழுக்க கிரீஸில் கிடந்து எழுகிறவருக்குக் கூப்பன் ஒரு வேளைச் சோறு. கூப்பனை அச்சடிக்கிறவன் ஏசி அறையில் உட்கார்ந்து அதை 'மெக்கானிக் பரிந்துரை விகிதம்' என்று பவர்பாயிண்டில் போடுகிறானே, அவனைத்தான் அந்த கிரீஸில் ஒரு நாள் படுக்கவைக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டுச் சோதனைகளே பித்தலாட்டம் என்று நான் சொல்வதாக நீ ஊரில் சொல்லித் திரியக்கூடாது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் டீசலிலிருந்து கந்தகத்தை எடுத்தார்கள். காற்று சுத்தமாயிற்று, ஆனால் டீசலின் வழுவழுப்பும் போய் இன்ஜெக்‌ஷன் பம்புகள் தேய்ந்து விழ ஆரம்பித்தன. எண்ணெய்க்காரர்களும் பம்புக்காரர்களும் செத்த பம்புகளைத் திறந்து பார்த்தார்கள். 6 மி.மீ. எஃகு உருண்டையைத் தட்டின் மேல் 75 நிமிடம் டீசலுக்குள் உரசவிட்டு, எவ்வளவு தழும்பு வந்தால் பம்பு பிழைக்கும், எவ்வளவு வந்தால் சாகும் என்று பம்போடு ஒப்பிட்டு ஒப்பிட்டு ஒரு எண்ணுக்கு வந்தார்கள். 460 மைக்ரான். இன்று நம் பிஎஸ் 6 டீசலுக்கும் அதே எல்லை. சங்ககிரியில் நிற்கிற ஒவ்வொரு புது லாரியும் அந்தத் தழும்பின் புண்ணியத்தில் ஓடுகிறது. அதுவும் தேய்மானச் சோதனைதான், அதுவும் உருண்டைதான். அந்த எண்ணுக்குப் பின்னால் உடைந்த பம்புகள் இருக்கின்றன. உன் 98-க்குப் பின்னால் ஒரு டிசைனர் பையன் இருக்கிறான்.

எதிர்வீட்டு அண்ணன் லாரி நினைவிருக்கிறதா? நீ சின்னப் பையனாக இருந்தபோது கேபினில் ஏறி ஹாரன் அடித்து அழவைப்பாயே, அவருடையது. இப்போது இருப்பது வேறு வண்டி, டியூ இன்னும் முடியவில்லை. நான் யோசனை சொல்லும் முன்பே, திறப்பு விழாவுக்கும் காத்திராமல், உன் ஆள் வந்து மேஜை போட்டுக் கல் தொங்கவிட்ட அன்று அவரும் கூட்டத்தில் நின்றிருக்கிறார். 'நம்ம பையன் கம்பெனிங்க' என்று ஆயில் மாற்றும்போதெல்லாம் உன் பாட்டிலை ஊற்றியிருக்கிறார். போன வாரம் தொப்பூர் ஏறும்போது அடியில் டொக்கு டொக்கென்று சத்தம். இறக்கிப் பார்த்தால் கனெக்டிங் ராடு பேரிங்குகள் பொத்தல் பொத்தலாக அரித்துக் கிடக்கின்றன, கிராங்க் கோடு கோடாகக் கீறியிருக்கிறது.

உன் ஆயில்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. ஓவர் லோடு என்பாய், டீசல் கலப்படம் என்பாய், ஆயில் மாற்றத் தாமதம் என்பாய். பழைய இன்ஜின் சாவதற்கு ஆயிரம் காரணம். இந்தத் தொழிலின் மொத்த அழகும் அங்கேதான் இருக்கிறது: இன்ஜின் பிழைத்தால் உன் ஆயில், செத்தால் அவன் விதி. வெற்றிக்கு மட்டும் மதிப்பெண் உண்டு, சாவுக்கு ரிப்போர்ட் கிடையாது. மேஜையில் தொங்கவிட்ட கல் உன் ஆளுடையது. அந்தக் கல்லின் பாரம் மட்டும் இறங்குகிற இடம், டியூ தேதி தெரிந்து ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிற அந்த வீட்டுத் திண்ணை.

ஆனாலும் லேபில் இருந்த கை சும்மா இருக்குமா? அவர் வீட்டில் மிச்சமிருந்த உன் பாட்டிலை வாங்கி வந்தேன். செம்புக் கம்பி ஒன்றைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தீ நிறம் மாறாமல் எரிகிறவரை வைத்திருந்து, ஒரு சொட்டு உன் சரக்கைத் தொட்டு மறுபடியும் தீயில் காட்டினேன். 1872-லேயே பைல்ஷ்டைன் சொல்லிவைத்த சோதனை, பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்யலாம். குளோரின் வகையறா இருந்தால் தீ பச்சையாகும். உன் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, 'அட, நல்லாயிருக்கே' என்றாள். அவ்வளவு பச்சை. உன் லேபிளில் 'குளோரின் அற்றது' என்று ஒரு இலைப் படமும் போட்டிருக்கிறாய். அதுவும் பச்சைதான்.

திறப்பு விழாவுக்கு நான் வரவில்லை. எனக்குப் பதிலாக ஒரு கவர் வரும். கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், கேஸ்கெட், ஆயில், பட்டறைக் கூலி, வண்டி நின்ற நாட்களின் வாடகை எல்லாம் சேர்த்து அண்ணனின் பில்லை உன் பெயருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். மொத்தத் தொகைக்கு நேராக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் உனக்கு இல்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: தொகை 16 மடங்காகப் போடப்பட்டிருக்கிறது, உன் முறைப்படி, கழித்துவிட்டு நாலாம் அடுக்கு ஏற்றி. வெறும் விட்டக் கணக்கில் வேண்டுமென்றால் பணத்தோடு நேரில் வா. குறைத்துக்கொள்வதைப் பற்றி அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
உன் மாமன்